மருத்துவக் கஞ்சா டிஸ்பென்சரிக்கு முதன்முறை போகிறீர்களா? பென்சில்வேனியாத் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவக் கஞ்சா டிஸ்பென்சரியில், அதாவது மாநில அட்டை உள்ள நோயாளிகளுக்குக் கஞ்சா மருந்து விற்கும் கடையில், ஃபார்மசிஸ்டாக (மருந்தாளுநராக) வேலை செய்கிறேன். நம் ஆட்கள் வரும்போது பெரும்பாலும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். கோயிலில் யாருக்கும் தெரியக்கூடாது, ஊரில் சொந்தக்காரர்களுக்குத் தெரியக்கூடாது என்கிறார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் "எங்க டாக்டருக்கும் தெரிய வேண்டாம்" என்று சொல்லும்போது எனக்குப் பயம் வந்துவிடும். கூச்சத்தில் மறைக்கும் விஷயங்களால்தான் இந்த மருந்தில் பெரும்பாலான தொல்லைகள் வருகின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். விதிகள் எல்லாம் பென்சில்வேனியாவுக்கானவை. பக்கத்திலிருக்கும் நியூஜெர்சியிலேயே கதை வேறு.

இது சட்டப்படி சரிதானா?

மாநிலச் சட்டப்படி சரி. 2016 ஏப்ரலில் ஆளுநர் டாம் வுல்ஃப் கையெழுத்திட்ட சட்டம் 16 இதற்கு வழி திறந்தது. வலிப்பு நோயால் அவதிப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்குக்கு நடையாய் நடந்து கேட்டு வாங்கிய சட்டம் அது. 2018 பிப்ரவரியில் கடைகளில் விற்பனை தொடங்கியது. மருத்துவத் தேவைக்கு மட்டும், அதுவும் அட்டை உள்ளவர்களுக்கு மட்டுமே இங்கே அனுமதி.

ஃபெடரல் சட்டம், அதாவது அமெரிக்க மத்திய அரசின் சட்டம், வேறு. 1970-ம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தது. 2024 மே மாதம் அதை மூன்றாம் பட்டியலுக்கு இறக்கும் முன்மொழிவு வெளியானது. பட்டியல் மாறினாலும், டிஸ்பென்சரியில் விற்கும் பொருள் எஃப்டிஏ (ஃபெடரல் உணவு, மருந்து நிர்வாகம்) அனுமதித்த மருந்தாக ஆகிவிடாது. விமானம், தபால், மாநில எல்லை, குடியேற்றம் என்று ஃபெடரல் அரசின் கை இருக்கும் எல்லா இடத்திலும் உங்கள் மாநில அட்டை செல்லாது.

நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். கணவருக்கு கிரீன் கார்டு. நாங்கள் அட்டை வாங்கலாமா?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் யாராக இருந்தாலும், அட்டைக்குப் பதிவு செய்வதற்கு முன்பே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். கடைக்குப் போனபிறகு பேசிப் பயனில்லை.

பென்சில்வேனியா ஓட்டுநர் உரிமம் இருந்தால் மாநிலப் பதிவு சிக்கலில்லாமல் நடந்துவிடும். அதனாலேயே பலர் பிரச்சினை ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் 2019 ஏப்ரல் 19 அன்று யுஎஸ்சிஐஎஸ் (குடியுரிமை, குடியேற்றச் சேவைத் துறை) தெளிவாக ஒரு கொள்கை அறிவிப்பு வெளியிட்டது: மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், கஞ்சா வைத்திருந்ததும் பயன்படுத்தியதும் குடியுரிமை விண்ணப்பத்தில் 'நன்னடத்தை' இல்லை என்று சொல்லக் காரணமாகலாம். கிரீன் கார்டு உள்ளவர் வெளிநாடு போய்த் திரும்பும்போது விமான நிலைய அதிகாரியிடம் "ஆமாம், பயன்படுத்துகிறேன்" என்று ஒப்புக்கொண்டால், எந்த வழக்கும் தண்டனையும் இல்லாமலேயே உள்ளே நுழையும் தகுதிக்குச் சிக்கல் வரலாம். கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையிலும் இதைக் கேட்பார்கள்.

அதற்காகப் பொய் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. அதிகாரியிடம் பொய் சொல்வது இன்னும் பெரிய குற்றம். அந்த நிலைமைக்கே போகாமல் இருக்க முதலில் வழக்கறிஞரைக் கேளுங்கள். வலியில் துடிப்பவரிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் சில குடும்பங்களுக்கு இந்த மருந்து வேண்டாம், வேறு சிகிச்சை பாருங்கள் என்பதுதான் சரியான பதில்.

எந்த நோய்களுக்குக் கிடைக்கும்?

மாநிலத்தின் பட்டியலில் இருபதுக்கும் மேற்பட்ட நோய்கள் உள்ளன. புற்றுநோய், வலிப்பு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்கின்சன், குடல் அழற்சி நோய், கிளாகோமா, எச்ஐவி, தீராத கடும் வலி ஆகியவை அதில் அடக்கம். மனப்பதற்றக் கோளாறுகள் 2019-ல் சேர்க்கப்பட்டன. சர்க்கரை நோய் பட்டியலில் இல்லை. ஆனால் நரம்பு பாதிப்பு இருக்கிறது. பல வருடச் சர்க்கரையால் இரவெல்லாம் பாதம் எரிந்து தூங்க முடியாமல் தவிக்கும் நம் பெரியவர்கள் அந்த வழியில் வரலாம். வெறும் தூக்கமின்மைக்கு அட்டை கிடையாது.

அட்டை வாங்கும் வழி என்ன?

மாநிலச் சுகாதாரத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறகு, அத்துறை அங்கீகரித்த மருத்துவர் ஒருவரைப் பார்க்க வேண்டும். அவர் மருந்துச் சீட்டு எழுதமாட்டார். உங்கள் நோய் பட்டியலில் உள்ளது என்று சான்று தருவார். கடைசியாக 50 டாலர் கட்டினால் அட்டை தபாலில் வரும். மெடிகெய்ட் போன்ற உதவித் திட்டங்களில் இருப்பவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவரின் கட்டணம் தனி. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து பதிவில் இருக்கட்டும். நம் ஆட்களுக்கு இனிஷியல், அப்பா பெயர், பாஸ்போர்ட் பெயர் என்று ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். விண்ணப்பம் மாட்டிக்கொள்ளும் இடம் அநேகமாக அதுதான்.

ஊரிலிருந்து அம்மா ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார். மூட்டுவலி. அவருக்கு வாங்கித் தரலாமா?

முடியாது. விசிட்டர் விசாவில் வந்தவர் இம்மாநிலவாசி இல்லை என்பதால் அட்டை கிடையாது. உங்கள் அட்டையில் வாங்கி அம்மாவுக்குக் கொடுப்பதும் குற்றம். அதைவிட, அம்மாவின் மாத்திரைகள் என்னென்ன என்றே அறியாமல் கொடுப்பது பெரிய ஆபத்து.

அப்பா அமெரிக்கக் குடிமகன், அட்டை இருக்கிறது. ஆங்கிலம் அவ்வளவாக வராது. நானும் கூட உள்ளே போகலாமா?

அட்டை இல்லாதவரைப் பல கடைகளில் உள்ளே விடமாட்டார்கள். முதலிலேயே ஃபோன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். அடிக்கடி கூடப் போக வேண்டியிருக்கும் என்றால், அப்பாவின் பராமரிப்பாளராக நீங்கள் பதிவு செய்துகொள்வதே நல்லது. 21 வயது ஆகியிருக்க வேண்டும், குற்றப் பின்னணிச் சோதனை நடக்கும். அதற்குப் பிறகு அவர் வராமலே நீங்கள் போய் வாங்கி வரலாம். நோயாளி 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பராமரிப்பாளர் கட்டாயம்.

கையில் என்ன எடுத்துப் போக வேண்டும்?

அட்டை, புகைப்பட அடையாள அட்டை, பணம். இவ்வளவும் எல்லாரும் கொண்டுவருகிறார்கள். கொண்டுவராத ஒன்று, மாத்திரைகள்.

பட்டியல் எழுதி வந்தால் போதுமே என்று தோன்றும். போதாது. வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு ஜிப்லாக் பையில் அப்படியே போட்டுக் கொண்டுவாருங்கள். நம் வீட்டுப் பை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்: இங்கத்திய மருந்துக்கடையின் ஆரஞ்சு டப்பாக்கள் நான்கைந்து, சென்னையிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பட்டைகள், பாதி கிழிந்து பெயரே தெரியாமல், சித்த மருத்துவர் கொடுத்த சூரணம், பொட்டலத்தில் ஒன்றுமே எழுதியிருக்காது, மூட்டுவலிக்கு ஒரு லேகியம். இந்தியப் பிராண்டுப் பெயரைச் சொன்னால் இங்குள்ள கணினியில் வராது. பட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப்பெயர் தெரிந்தால்தான் நான் சரிபார்க்க முடியும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் சிபிடி (கஞ்சாவில் இருக்கும், போதை தராத பொருள்) சேர்த்தால் வார்ஃபரினின் அளவு ஏறி, ரத்தக்கசிவு வரலாம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ், வலிப்புக்கான குளோபசாம் ஆகியவற்றுக்கும் இதே கவலை. தூக்க மாத்திரை, ஓபியாய்டு வலி மாத்திரை, மது ஆகியவற்றோடு சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பாகும். ரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் பெரியவருக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழும் அபாயம் உண்டு. எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அந்த மூட்டுவலியே தேவலை என்று ஆகிவிடும்.

கடைக்குள் என்ன நடக்கும்?

வாசலில் காவலர் அட்டையைப் பார்ப்பார். உள்ளே வரவேற்பில் அட்டையை ஸ்கேன் செய்வார்கள். முதல்முறை என்பதால் ஒரு படிவம் தருவார்கள். பல் டாக்டர் கிளினிக் போன்ற காத்திருப்பு அறைதான், புகை மூட்டமெல்லாம் கிடையாது. பிறகு ஃபார்மசிஸ்டோடு நேரிலோ வீடியோவிலோ பேச்சு. அதன்பின் விற்பனைப் பகுதிக்கு அழைத்துப் போவார்கள். பொருள்கள் சீல் வைத்த நிலையில் கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கும். பிரித்துப் பார்க்கவோ அங்கேயே எடுத்துக்கொள்ளவோ அனுமதி இல்லை. படம் எடுக்காதீர்கள், மற்ற நோயாளிகளும் அங்கே இருக்கிறார்கள்.

கூட்டமில்லாத நேரம் பார்த்து, வேலைநாளில் மதியம் போல வந்தால் நிதானமாகப் பேசலாம்.

ஃபார்மசிஸ்ட் என்ன கேட்பார்? எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

சொல்லுங்கள். இதயக் கோளாறு உண்டா, கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா, குடிப்பீர்களா, முன்பு எப்போதாவது கஞ்சா எடுத்ததுண்டா என்று கேட்போம். கல்லூரி ஹாஸ்டலில் எப்போதோ நடந்ததைக் கேட்டால் பலர் திரும்பி மகனைப் பார்ப்பார்கள். மகனை வெளியே உட்காரச் சொல்லுங்கள், ஒன்றும் தவறில்லை.

இன்னொரு கேள்விக்கு நம் வீடுகளில் அநேகமாக 'இல்லை' என்றுதான் பதில் வரும்: குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு நோய் உண்டா? சித்தப்பாவுக்கு இருந்தது, ஆனால் வெளியே சொல்வதில்லை. டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) அதிகம் உள்ள மருந்து, அப்படிப்பட்ட குடும்பங்களில், குறிப்பாக இளவயதினருக்கு, அந்த நோயைத் தூண்டிவிடலாம். பெயர் சொல்ல வேண்டாம். உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், அது போதும்.

எத்தனையோ வகை இருக்கிறதே, எதை வாங்குவது?

சுருட்டிப் புகைப்பதற்கு இங்கே அனுமதி இல்லை. உலர்ந்த பூவைக்கூட வேப்பரைசரில் சூடாக்கி ஆவியாகத்தான் இழுக்க வேண்டும். சாக்லேட், கேக் போன்ற தின்பண்டங்களும் விற்பதில்லை. நாக்கின் அடியில் சொட்டாக விடும் டிங்சர் என்ற திரவம், மாத்திரை, கேப்ஸ்யூல், மேலே பூசும் களிம்பு, ஆவியாக இழுப்பவை ஆகியவை உண்டு.

ஆவியாக இழுத்தால் சில நிமிடங்களில் வேலை செய்யும், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். விழுங்கினால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஒன்றுமே தெரியாது. கல்லீரலில் டிஎச்சி இன்னும் வீரியமான ஒரு பொருளாக மாறுகிறது. தொடங்கிவிட்டால் ஆறு, எட்டு மணி நேரம் நிற்கும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒரு மணி நேரத்தில் இரண்டாவது மாத்திரையைப் போட்டவர்கள்தான் ராத்திரி அவசர சிகிச்சைக்குப் போகிறார்கள்.

புதிதாகத் தொடங்கும் பெரியவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது சிபிடி கூடுதலாக, டிஎச்சி குறைவாக உள்ள டிங்சர். துளித்துளியாக அளவைக் கூட்டலாம் என்பதே காரணம். நுரையீரல் சரியில்லாதவர்களுக்கு ஆவி வேண்டாம். கஞ்சாச் செடி வகைகளில் இண்டிகா என்றால் தூக்கம், சட்டிவா என்றால் சுறுசுறுப்பு என்று கடைகளில் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். லேபிளில் உள்ள எண்களைப் பாருங்கள்.

லேபிளை எப்படிப் படிப்பது? எவ்வளவு எடுப்பது?

ஒரு புட்டியில் 30 மில்லி, மொத்த டிஎச்சி 300 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். புதியவருக்குத் தொடக்க அளவு 2.5 மில்லிகிராமோ அதைவிடக் குறைவாகவோ இருந்தால் போதும். ஆக கால் மில்லி. சொட்டுக்குழாயில் 0.25 என்ற கோடு எங்கே இருக்கிறது என்று கடையிலேயே காட்டச் சொல்லுங்கள். சில குழாய்களில் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியாது. ஒரு ஊசியில்லாத சிரிஞ்சு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முழுக் குழாயையும் விட்டால் நான்கு மடங்கு ஆகிவிடும்.

முதல் முறை மறுநாள் வேலை எதுவும் இல்லாத ஒரு நாளில், இரவில், வீட்டில் யாராவது கூட இருக்கும்போது எடுங்கள். இரண்டு மூன்று நாள் அதே அளவில் இருங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், அளவு, வலி எப்படி இருந்தது, தூக்கம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். அடுத்த முறை நீங்கள் வரும்போது நான் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.

அதிகமாகிவிட்டால்?

இதயம் படபடக்கும், பயம் பிடித்துக்கொள்ளும், நேரம் நகராததுபோல இருக்கும், சிலருக்கு வாந்தி வரும். படுக்க வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், பக்கத்தில் ஒருவர் இருங்கள். தனியாக மாடிப்படி ஏறவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் நச்சு உதவி எண் 1-800-222-1222, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். நெஞ்சுவலி, எழுப்பினாலும் எழாமை, மூச்சுத் திணறல் என்றால் உடனே 911. வந்தவர்களிடம் கஞ்சா எடுத்தார் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பக்கவாதமா, மாரடைப்பா என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

கார் ஓட்டலாமா?

எடுத்த அன்று ஓட்டவே கூடாது. ஆனால் பென்சில்வேனியாவில் விஷயம் அத்தோடு முடியவில்லை. இங்கே ரத்தத்தில் டிஎச்சியோ அது சிதைந்த பொருளோ ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் இருந்தாலே போதையில் ஓட்டியதாக வழக்குப் போட முடியும். மருத்துவ அட்டை இதற்கு விலக்கு தராது. தினமும் எடுப்பவர் போதையில்லாமல் தெளிவாக இருக்கும்போதும் அவர் ரத்தத்தில் அந்த அளவு இருக்கலாம். இது நியாயமில்லாத விதி என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் விதி விதிதான். வீட்டில் ஓட்டுகிற வேலையை வேறொருவர் எடுத்துக்கொள்ள முடியுமா என்பதை அட்டை வாங்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

காப்பீடு கொடுக்குமா? எப்படிப் பணம் கட்டுவது?

காப்பீடு கொடுக்காது. எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ எனும் மருத்துவச் செலவுச் சேமிப்புக் கணக்குகளின் பணத்தையும் பயன்படுத்த முடியாது. கிரெடிட் கார்டு வாங்கமாட்டார்கள். ரொக்கம் கொண்டுபோங்கள், டெபிட் கார்டு சில இடங்களில் ஓடும். நோயாளிகளுக்கு விற்பனை வரி இல்லை. முதல்முறை வருபவர்களுக்குத் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள், பல கடைகளில் உண்டு. அதற்காக மூன்று நான்கு புட்டி வாங்கிக் குவிக்காதீர்கள். உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரியும்வரை ஒன்று போதும்.

ஆபீஸில் டிரக் டெஸ்ட் வைத்தால்?

அட்டை இருக்கிறது என்பதற்காக மட்டுமே வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. வேலை நேரத்தில் அதன் தாக்கத்தில் இருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஃபெடரல் வேலை, ஃபெடரல் ஒப்பந்த வேலை, லாரி ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றுக்கும் நம்ப முடியாது. சிறுநீரில் வாரக்கணக்கில் தெரியும்.

ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகலாமா?

வேண்டவே வேண்டாம். ஒரு சொட்டுகூட. இந்தியாவில் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பாயும். அமெரிக்க அட்டையை அங்கே காட்டிப் பயனில்லை. சிங்கப்பூர், துபாய் வழியாகப் போகிறவர்கள் இன்னும் கவனம். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்குத்தண்டனை. சிறிய அளவுக்கும் சிறை உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பயன்படுத்தினாலும் அங்கே குற்றம்தான். கைப்பையில் பழைய வேப் பேனா ஒன்று மறந்துபோய்க் கிடக்கிறதா என்று பெட்டி கட்டும் முன் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். நியூஜெர்சியின் கேம்டனுக்குப் பாலம் தாண்டி எடுத்துப் போவதும் ஃபெடரல் சட்டப்படி கடத்தல்தான்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பூட்டுப் போட்ட பெட்டி. அலமாரி மேல்தட்டு போதாது, பூஜை அறை போதாது, மருந்து டப்பாவோடு வைக்கவே கூடாது.

புற்றுநோயைக் குணப்படுத்துமாமே? வாட்ஸ்அப்பில் வந்தது.

குணப்படுத்தாது. கீமோவால் வரும் குமட்டலைக் குறைக்கும். பசியும் தூக்கமும் சிலருக்குத் திரும்பும். பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோ குமட்டல், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் சொல்லும் தசை இறுக்கம் ஆகியவற்றுக்குத்தான் நல்ல ஆதாரம் இருப்பதாக அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2017-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. கீமோவை நிறுத்திவிட்டு இந்த எண்ணெயை மட்டும் குடிக்கலாமா என்று கேட்டு வருபவர்களை நான் அப்படியே புற்றுநோய் மருத்துவரிடம் திருப்பி அனுப்புகிறேன்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியவில்லை. எஃப்டிஏ அங்கீகரித்து, சாதாரண மருந்துக்கடையிலேயே சீட்டுக் கொடுத்து வாங்கக்கூடிய, டிஎச்சியோ சிபிடியோ கொண்ட மருந்துகளும் உண்டு. கீமோ குமட்டலுக்கான ட்ரோனாபினால் 1985-லேயே வந்தது. குழந்தைகளின் சில கடும் வலிப்புகளுக்கான எபிடியோலெக்ஸ் 2018-ல் வந்தது. இவற்றுக்குக் காப்பீடும் கிடைக்க வாய்ப்புண்டு. விசாவில் இருப்பவர்கள் இதைத் தங்கள் மருத்துவரிடம் முதலில் கேட்பது நல்லது.

குடும்ப டாக்டரிடம் சொன்னால் கோபித்துக்கொள்வாரே?

கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். "இதை எடுக்கத் தொடங்கியிருக்கிறேன், என் மருந்துகளோடு ஒத்துப்போகுமா பாருங்கள்" என்று ஒரு வரி போதும். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் நோயாளிகளுக்கான இணையப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். வார்ஃபரின் எடுப்பவர் என்றால், தொடங்குவதற்கு முன்பே சொல்லி, ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும்) பரிசோதனையை அடிக்கடி வைத்துக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சை வந்தால் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் சொல்லியாக வேண்டும். தொடர்ந்து எடுப்பவர்களுக்கு மயக்க மருந்தின் அளவு மாறக்கூடும்.

எடுத்துப் பார்த்தேன், பலன் இல்லை. திருப்பிக் கொடுக்கலாமா?

திறந்த பொருளைப் பொதுவாகத் திருப்பி வாங்கமாட்டார்கள். ஆனால் நோட்டோடு வந்து ஃபார்மசிஸ்டைப் பாருங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. அளவு குறைவாக இருந்திருக்கலாம், வடிவம் பொருந்தாமல் இருந்திருக்கலாம். சிலருக்கு எதுவுமே பொருந்துவதில்லை. அப்படியென்றால் நிறுத்திவிடுங்கள், அடுத்த வருடம் அட்டையைப் புதுப்பிக்க வேண்டாம். மிச்சத்தை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். குப்பையில் போடும் முன் காபித்தூள் சக்கையோடு கலந்து, ஒரு பையில் கட்டிப் போடுங்கள்.